முதல் காது யாருடையது

எழுந்தான். பல் துலக்கினான். பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு, அது பொங்குகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றான். இரண்டு தம்ளர் காப்பி. ஒன்றில் சர்க்கரை கிடையாது, அது மாமனாருக்கு. முகம் மழித்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். குப்பைப் பையை முடிச்சுப் போட்டு வாசலில் வைத்தான். மனைவி போனதிலிருந்து எல்லாக் காலையும் இந்த வரிசையில்தான் நடந்தது. வரிசை கலைந்தால் அடுத்து என்ன செய்வதென்று தெரியாது. அதனால் அவன் அதைக் கலைப்பதில்லை.

அன்றைக்குக் கலைத்தவர் மாமனார். வழக்கமாகக் காப்பி ஆறிய பிறகு அறையை விட்டு வருகிற மனிதர், அன்றைக்கு விடியும் முன்பே குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். பெண் பார்க்கப் போகிற பையனுக்குக்கூட அவ்வளவு பரபரப்பு இருக்காது.

"மாப்பிள்ளை, கொஞ்சம் வெரசா கிளம்புங்க. முன்வரிசைல நமக்குப் போட்ட இடத்துல எவனாச்சும் உக்காந்துட்டா அப்புறம் அடுத்தவன் முதுகைத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும்" என்றார்.

அன்று பங்குதாரர் கூட்டம். நிறுவனம் ஒரு நாளிதழும் ஒரு செய்திச் சேனலும் நடத்திவந்தது. மாமனார் அந்த நாளிதழின் அச்சு இயந்திரத்துக்கு ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மகள் அதே நிறுவனத்தின் சேனலில் எட்டு மணிச் செய்தி வாசித்தாள். தெருவில் அவளுக்குப் பெயரே 'எட்டு மணி'தான். ஊழியர்களுக்குப் பங்கு கொடுத்த காலத்தில் இருவருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் கிடைத்தது. அவள் பங்கு இப்போது அவன் பெயரில் இருந்தது. குடிநீர் ஆய்வகத்தில் தண்ணீர் சோதிக்கிற வேலை பார்க்கிறவன், பத்திரிகை நிறுவனத்தின் பங்குதாரன் ஆனது இப்படித்தான்.

நிறுவனத்தில் சண்டை முற்றியிருந்தது. பழைய முதலாளி கண்ணை மூடியதும் மகன் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா இருக்கவில்லை. நாளிதழ் சம்பாதித்ததையெல்லாம் கொண்டுபோய் ஊருக்கு வெளியே ஒரு சினிமா ஸ்டுடியோவில் கொட்டினார். ஸ்டுடியோவில் படம் வளரவில்லை, புல் வளர்ந்தது. பங்குக்கு லாபம் கொடுப்பது நின்றது. கணக்கு அறிக்கை தாமதமாக வந்தது, வந்ததும் யாருக்கும் புரியவில்லை. இந்தச் சமயம் பார்த்து சிமென்ட் ஆலை நடத்துகிற ஒருவர் சத்தம் காட்டாமல் பங்குகளை வாங்கிச் சேர்த்துவிட்டு, தலைவர் இறங்கட்டும், நான் ஏறுகிறேன் என்று கிளம்பினார். பத்திரிகை கையில் வந்துவிட்டால் ஆலைப் புகையைப் பற்றி எவனும் எழுத மாட்டான் என்பது அவர் கணக்கு என்று ஊர் பேசியது.

இரண்டு பேர் கையிலும் பாதி இல்லை. மிச்சம் சில்லறைப் பங்குதாரர்களிடம் சிதறிக் கிடந்தது. ஓய்வுபெற்ற நிருபர்கள், அச்சுக்கூடத்து ஆட்கள், ஆசைக்குக் கொஞ்சம் வாங்கி வைத்த வாசகர்கள். ஆயுசில் இவர்களை ஏறெடுத்துப் பார்க்காதவர்கள் எல்லாம் வீடு தேடி வந்து மூட்டுவலியைப் பற்றி விசாரித்தார்கள்.

அவன் வீட்டுக்கு விசாரிப்பு கூடுதல். காரணம் அவள்.

அவள் இறந்த வாரம் சேனல் ஒரு நினைவஞ்சலி நிகழ்ச்சி போட்டது. முடிவில் கறுப்புத் திரையில் அவள் முகம், கீழே எழுத்து: 'செய்தி நிற்கக் கூடாது.' அதுதான் அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தை என்று ஒரு குரல் தழுதழுத்தது. ஒரு மாதத்துக்குள் அந்த வாக்கியம் சேனலின் வண்டிகளில் ஏறியது, காப்பிக் கோப்பைகளில் ஏறியது, வரவேற்பறைச் சுவரில் ஏறியது. கடைசியில் தலைவர் பங்குதாரர்களுக்கு அனுப்பிய வேண்டுகோளிலும் ஏறியது. அவள் கடைசி ஆசையைக் காப்பாற்ற என்னோடு நில்லுங்கள் என்று கேட்டிருந்தார். சிமென்ட்காரர் தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை. நிறுவனத்துக்குப் புது ரத்தம் வேண்டும் என்று அவள் தங்களிடம் தனியாக மனம் திறந்து சொன்னதாக மேடைக்கு மேடை சொன்னார்கள். உயிரோடு இருந்தபோது சம்பள உயர்வு கேட்ட அவளை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. செத்த பிறகு ஆளாளுக்குக் கேட்டிருந்தார்கள்.

அவள் அப்படி எதையும் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியும், ஏனென்றால் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது அவன் மட்டும்தான். மாமனார் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். திரும்பி வந்தபோது அவள் தூங்கியிருந்தாள். பிறகு எழவில்லை. ஆஸ்பத்திரி நடையில் அவர் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, ஏதாவது சொன்னாளா என்று கேட்டார். அவன் அவரைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தான். நினைவஞ்சலி வந்தபோது அவர் விம்மி விம்மி அழுதார். அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டார். பிறகு அந்த வாக்கியத்தைச் சட்டம் போட்டு மாட்டினார், காய்கறிக்காரரிடம் சொன்னார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னார். படுத்த படுக்கையாகப் போயிருக்க வேண்டிய மனிதரை அந்த வாக்கியம் எழுப்பி உட்கார வைத்திருந்தது. அதை எப்படிப் பிடுங்குவது? 

முந்தின நாள் தலைவரின் உதவியாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். கார் அனுப்புகிறோம், முன்வரிசையில் இடம் போட்டிருக்கிறோம், தலைவர் கையைக் காட்டும்போது எழுந்து நின்றால் போதும், பேசவே வேண்டாம் என்றார். அவன் சரி என்றான். பேசாமல் இருப்பது அவனுக்குப் பழகிய வேலை.

மண்டபத்து வாசலில் காலை வைத்ததுமே சந்தைக்கடை இரைச்சல் காதைத் துளைத்தது. இடது பக்கம் தலைவரின் ஆட்கள் வருகிறவர்களுக்கு நீல அட்டை குத்தினார்கள். வலது பக்கம் சிமென்ட்காரரின் ஆட்கள் பச்சை அட்டை குத்தினார்கள். சில பெரியவர்கள் இரண்டையும் குத்திக்கொண்டு இரண்டு பக்கமும் தேநீர் குடித்தார்கள். மாமனாரைக் கண்டதும் பழைய அச்சுக்கூடத்து ஆட்கள் மொய்த்துக்கொண்டார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் மகளின் வாக்கியத்தைச் சொன்னார். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வது போலவே சொன்னார்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு லாக்கப் அக்கா வந்தார். குற்றப் பிரிவு நிருபராக இருந்து ஓய்வு பெற்றவர். திருடர்களைவிட அதிக நாள் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தவர் என்பதால் அந்தப் பெயர். இரண்டு அட்டைக்காரர்களும் ஒரே நேரத்தில் அவரிடம் ஊசியை நீட்டினார்கள். நல்ல புடவை, ஓட்டை போடாதீங்கப்பா, உங்க முதலாளிங்க போட்ட ஓட்டையே இன்னும் அடைபடல என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தலைவர் பதவியே தகராறில் இருந்ததால், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் கூட்டத்தை நடத்தினார். அவர் மணியை அடித்ததும் கேள்விகள் பறந்தன. ஸ்டுடியோ எப்போது சம்பாதிக்கும் என்று ஒரு வாசகர் கேட்டார். வளர்ச்சி நன்றாக இருக்கிறது என்றார் தலைவர். பார்த்தேன், இடுப்பு உயரம் வளர்ந்திருக்கிறது, நாலு மாடு வாங்கி விட்டால் பால் விற்றாவது லாபம் காட்டலாம் என்றார் வாசகர். மண்டபம் அதிர்ந்தது. அடுத்து சிமென்ட்காரரின் முறை. ஆலைத் தூசியால் இருமுகிறவர்களைப் பற்றி நாளிதழ் எழுதினால் அச்சாகுமா என்று ஒருவர் கேட்டார். சுற்றுச்சூழல் எங்கள் குடும்பச் சொத்து மாதிரி என்று அவர் ஆரம்பித்தார். அதான் பயமா இருக்கு என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பிறகு அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

சேனலின் சொந்தக் கேமராக்கள் எல்லாவற்றையும் நேரலையில் காட்டிக்கொண்டிருந்தன. நீலம் ஒரு நிமிடம் ஜெயிப்பது போலிருந்தது, மறு நிமிடம் பச்சை. மாமனார் சீட்டு நுனியில் உட்கார்ந்து, கால்பந்து பார்க்கிறவர் மாதிரி காலை உதைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது தலைவர் தன் துருப்பை இறக்கினார். விளக்குகள் மங்கின. பெரிய திரையில் அவள் வந்தாள்.

பழைய செய்தியறிக்கை. சத்தம் இல்லை. உதடு மட்டும் அசைந்தது. காதோரம் அடங்காத அந்த ஒரு கற்றை முடி, வழக்கம் போலக் கிளிப்பை மீறி வெளியே நின்றது. அவனுக்கு மார்புக்குள் ஏதோ இடித்தது. பல மாதமாக அங்கே ஒன்றும் இல்லை என்றே நினைத்திருந்தான். இப்போது அது பக்கத்து சீட்டுக்குக் கேட்கிற மாதிரி அடித்தது. திரையில் எழுத்து வந்தது. தலைவர் அதைப் படித்தார். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. மாமனார் எழுந்து நின்று நாலு திசையிலும் கும்பிட்டார்.

கைதட்டல் அடங்குவதற்குள் லாக்கப் அக்கா மைக்கைப் பிடித்திருந்தார்.

பழைய முதலாளியின் சட்டத்தை அவர் நினைவூட்டினார். ஒருவர் சொன்னதாக ஒரு வரி அச்சில் ஏற வேண்டுமென்றால், அதை இரண்டு பேர் காதால் கேட்டிருக்க வேண்டும். நிருபர் முதல் காது. இரண்டாவது காது யாரென்று உதவி ஆசிரியர் கேட்பார். இல்லையென்றால் அந்த வரி குப்பைக்குப் போகும். மந்திரி சொன்னதானாலும் சரி, மாமியார் சொன்னதானாலும் சரி. அந்தச் சட்டத்தால் தன் முதல் பக்கச் செய்திகள் எத்தனையோ செத்துப்போயின என்றும், அதற்காகப் பழைய முதலாளியை மனதுக்குள் திட்டாத நாளில்லை என்றும் சொன்னார். இடமும் வலமும் வெள்ளைத் தலைகள் ஆடின.

"இப்ப நான் கேக்குறேன் தம்பி. இந்த வரிக்கு முதல் காது யாரு? ரெண்டாவது காது யாரு?"

தலைவர் சிரித்தார். "அக்கா, இது செய்தி இல்ல. நினைவஞ்சலி. நிகழ்ச்சிப் பிரிவுக்கு அந்தச் சட்டம் கிடையாது."

அதுதான் நடந்த தவறு. அது எப்படி நடந்ததென்று மண்டபத்துக்கு ஒரே மூச்சில் விளங்கியது. நிகழ்ச்சிக்கு ஒரு நல்ல முடிவு வேண்டுமென்று ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் ஒரு வரி எழுதியிருக்கிறார். செய்திப் பிரிவு சோதித்திருக்கும் என்று அவர் நினைத்தார், நிகழ்ச்சிதானே என்று செய்திப் பிரிவு விட்டுவிட்டது. பிறகு சேனலில் வந்ததென்று நாளிதழ் போட்டது, நாளிதழில் வந்ததென்று தலைவர் எடுத்தார்.

"நிகழ்ச்சில வந்தத வச்சு எங்ககிட்ட ஓட்டு கேக்குறீங்க. கணக்கு அறிக்கை எந்தப் பிரிவு தம்பி, செய்தியா நிகழ்ச்சியா?" என்றார் லாக்கப் அக்கா.

சிரிப்பு வெடித்தது. சிமென்ட்காரர் தொடையில் தட்டிக்கொண்டார். தலைவரின் நெற்றி மினுங்கியது. அவர் அவசரமாக முன்வரிசைக்குக் கையைக் காட்டினார்.

"அவங்க கணவரே இங்க இருக்கார். அவரைவிடப் பெரிய காது யாருக்கு இருக்கு? எழுந்து நில்லுங்க சார்."

அவன் எழுந்து நின்றான். அதுவரை பேசி வைத்தபடிதான். ஆனால் யாரோ ஒரு ஊழியர், தொழில் பழக்கத்தில், நிற்கிற ஆளின் வாய்க்கு நேரே மைக்கை நீட்டிவிட்டார். கேமரா திரும்பியது. பெரிய திரையில் அவள் போய் அவன் முகம் வந்தது. மாமனார் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, பெருமையாக அண்ணாந்து பார்த்தார்.

"சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் மாமனார் பிழைத்துக்கொள்வார், வந்த காரிலேயே வீட்டுக்குப் போகலாம். அவன் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் சாப்பிடுகிற கையோடு டிவியைப் பார்த்து, அந்தாள் சொன்னது அது இல்லை என்று கத்தி, எச்சில் கையால் செய்திப் பிரிவுக்குப் போன் போடுகிறவளோடு அவன் குடித்தனம் நடத்தியிருந்தான். ஒரு வார்த்தை மாறியிருந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது.

"அவ அப்படிச் சொல்லல" என்றான்.

மைக் சரியாக வேலை செய்தது. மண்டபத்தின் கடைசிச் சுவர் வரை கேட்டது.

"நான் மட்டும்தான் பக்கத்துல இருந்தேன். அவ அப்படி எதுவுமே சொல்லல."

முதலில் கைதட்டியது சிமென்ட்காரர். எழுந்தே நின்று தட்டினார். அவன் அவர் பக்கம் திரும்பினான்.

"உங்ககிட்டயும் அவ எதுவும் சொல்லல சார். உங்கள அவ பாத்ததே இல்ல. உங்க ஆளு ஒருத்தர் பேட்டிக்கு வரேன்னு சொல்லிட்டு தேதி மாத்திக்கிட்டே இருக்கார்னு திட்டுனா. அதை வேணா போட்டுக்குங்க."

கைதட்டல் பாதியில் நின்றது. பிறகு மண்டபம் ரெண்டுபட்டது. நீதிபதி மணியை அடித்த அடியில் மணி நாக்கு கழன்று மேஜைக்கடியில் ஓடியது. அவன் உட்கார்ந்தான். காது சூடாக இருந்தது. ஓட்டப்பந்தயம் ஓடி முடித்தவன் மாதிரி மூச்சு வாங்கியது. அவனுக்கே வியப்பாக, அது நன்றாக இருந்தது.

முழங்கையைப் பிடித்திருந்த கை மட்டும் விலகியிருந்தது. மாமனார் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்டுப்பெட்டிகள் வந்தன. ஆளுக்கு இரண்டு சீட்டு. முதல் சீட்டு, இப்போதைய தலைவரை நீக்கலாமா. இரண்டாவது சீட்டு, சிமென்ட்காரரைத் தலைவராக்கலாமா. வரிசை மண்டபத்தைச் சுற்றி வளைந்து நின்றது. ஒரே ஆள் இரண்டுக்கும் ஆமாம் போடுவான் அல்லது இரண்டுக்கும் இல்லை போடுவான் என்றே இரண்டு தரப்பும் நினைத்திருந்தன. வரிசையில் லாக்கப் அக்காவின் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. முதலுக்கு ஆமாம், ரெண்டாவதுக்கு இல்லை என்று ஒரு காதில் போட்டார். அது அடுத்த காதுக்குத் தானாகப் போனது. நீல அட்டையும் பச்சை அட்டையும் தரையில் விழ ஆரம்பித்தன. மிதித்தவர்கள் ஊசி குத்தி நொண்டினார்கள். மாமனார் வரிசையில் வெகு தூரம் தள்ளிப் போய் நின்றார். சீட்டில் எழுதும்போது முதுகைக் காட்டிக்கொண்டார்.

எண்ணி முடித்து நீதிபதி எழுந்தார். தலைவரை நீக்கும் தீர்மானம் நிறைவேறியது என்றார். பச்சைக் கூட்டம் விசிலடித்து சிமென்ட்காரரைத் தோளுக்குத் தூக்கியது. பொறுங்கள், இன்னொன்று இருக்கிறது என்றார் நீதிபதி. இரண்டாவது தீர்மானம் தோற்றது. தூக்கியவர்கள் அவரை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு இறக்கினார்கள்.

நாற்காலி காலி. அது உறைத்தபோது எழுந்த கூச்சலில் வெளியே நின்ற டிரைவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். யாரைக் காட்டுவதென்று தெரியாமல் சேனலின் கேமராக்காரர் காலி நாற்காலியைக் காட்டினார். நேரலையில் அது அசையாமல் நின்றது. பங்குதாரர்கள் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வரை மற்ற இயக்குநர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார் நீதிபதி. இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலி தப்பா ஒண்ணும் பேசாதது இன்னைக்குத்தான் என்றார் லாக்கப் அக்கா. முன்பின் தெரியாதவர்கள் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒருவர் கட்டிக்கொண்டார். அவன் அவர்களை விலக்கிக்கொண்டு மாமனாரைத் தேடினான்.

உள்ளே இல்லை. தேநீர் மேஜையில் இல்லை. தலைவர் அனுப்பிய காரும் இல்லை. அது போகும் என்று அவன் எதிர்பார்த்ததுதான்.

மாமனார் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டிருந்தார். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். ஒரு பஸ் வந்தது. இருவரும் ஏறவில்லை.

"முதல் சீட்டுல ஆமான்னுதான் போட்டேன்" என்றார் மாமனார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "எம்பொண்ணு வாயில வார்த்தைய வச்சு வியாபாரம் பண்ணிட்டான்."

"எம்மேல கோவமா மாமா?"

"இல்லாம இருக்குமா? ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நீங்க பாத்துக்கிட்டே இருந்திருக்கீங்க."  பிறகு சடக்கென்று அவன் பக்கம் முழுசாகத் திரும்பினார். காலையில் கூடத்தில் நடந்தபோது கண்ணில் இருந்த அதே துடிப்பு. "அது போகட்டும். அப்ப என்னதான் சொன்னா? எனக்காக நல்லதா ஒண்ணு ஜோடிக்கக் கூடாது. உள்ளதச் சொல்லணும்."

அவன் சொன்னான். முதல் முறையாக, ஒரே மூச்சில், யாரோ துரத்துவது போலச் சொன்னான். நீங்கள் கீழே போனதும் நர்ஸ் சுவரிலிருந்த டிவியைப் போட்டார். நம் சேனல் இல்லை. பூனை எலியைத் துரத்துகிற பொம்மைப் படம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, வயிறு வலித்தது, வலிக்க வலிக்கச் சிரித்தாள். நான் தண்ணீர் ஊற்றக் குறுக்கே போய் நின்றேன். அவள் என் இடுப்பில் ஒரு விரலால் குத்தினாள்.

"கொஞ்சம் தள்ளுப்பா, டிவி மறைக்குது."